மான் கடிக்காத கன்றுகள்

இது நடந்தது. நம்பமாட்டேன் என்பவர்கள் அந்த வன அலுவலகத்துக்குப் போய் முன்னறைச் சுவரைப் பார்க்கலாம். கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு சான்றிதழ் தொங்குகிறது. பேயை நம்பாதவர்கள்கூட முத்திரையை நம்புவார்கள். அந்த முத்திரை எப்படி விழுந்தது என்பதுதான் கதை. கதை என்றது வாய் தவறி வந்தது. நடந்தது.

பெயின்ட் அண்ணன் காட்டில் குறி போடுகிறவர். எந்த மரத்தை வெட்டலாம், எதை விதைக்காக விட்டுவைக்க வேண்டும் என்று பார்த்து, வெட்ட வேண்டியதில் நெஞ்சுயரத்துக்கு ஒரு நீலக் கோடும் அடிவேரில் ஒரு நீலப் பொட்டும் வைப்பார். மேலே இருக்கும் கோடு வெட்டுகிறவனுக்கு. கீழே இருக்கும் பொட்டு, வெட்டி முடித்த பிறகு வந்து மிச்சக் கட்டையைச் சந்தேகப்படும் அதிகாரிக்கு. இத்தனை வருடத்தில் விரல் நகங்கள் நீலமாகிவிட்டன. அதனால்தான் அந்தப் பெயர்.

அந்த வேலைக்குத் தனியாகப் போகக்கூடாது. பின்னால் ஒருவர் கணக்குப் பிடித்துக்கொண்டு வர வேண்டும். முன்னால் போகிறவர், "கருவாலி, பெரிசு, வெட்டு" என்று உரக்கச் சொல்வார். கருவாலி என்பது மேசை நாற்காலி விற்கிறவர்கள் ஓக் என்று சொல்லி இரட்டை விலை வைக்கும் மரம். பின்னால் வருகிறவர் குறித்துக்கொண்டு, "ஆச்சு" என்பார். ஆச்சு வராவிட்டால் அந்த மரம் கணக்கில் சேராது. வேலையில் ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்ப்பதில்லை; கண் மரத்தின் மேல் இருக்கும். முதுகுக்குப் பின்னாலிருந்து வரும் அந்தக் குரல்தான் துணை.

பல வருடம் அந்தக் குரல் அவருடைய மாப்பிள்ளையுடையது. தங்கையின் கணவர்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், குளிர் முடிந்து மரங்கள் இன்னும் துளிர்க்காத ஒரு காலையில், மேற்குப் பகுதியில் இருவரும் குறி போட்டுக்கொண்டிருந்தார்கள். அண்ணன், "கருவாலி, நடுத்தரம், விடு" என்றார். ஆச்சு வரவில்லை. மறுபடி சொன்னார். வரவில்லை. "என்ன மாப்பிள்ளை, தூங்கிட்டீங்களா?" என்று திரும்பினார். மேலே எப்போதோ முறிந்து தொங்கிக்கொண்டிருந்த ஒரு காய்ந்த கிளை, அன்றைக்கு இறங்கிவிடலாம் என்று முடிவு செய்திருந்தது. காற்றில்லை. சத்தமும் பெரிதாக இல்லை.

அதற்குப் பிறகு அண்ணனுக்கு எதுவும் ஆகவில்லை. அழவில்லை. குடிக்கவில்லை. மூன்றாம் வாரம் வேலைக்குப் போனார். பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தட்டிப் பார்ப்போமே, அது நம்முடையதுதான், ஆனால் யாருடையதோ போல இருக்கும். அவருக்கு மொத்த உடம்பும் அப்படி ஆகியிருந்தது. தங்கை தன் வீட்டைக் காலிசெய்துவிட்டு அண்ணன் குடியிருந்த அலுவலக வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். அது காட்டின் கிழக்கு ஓரத்தில் இருந்தது. அவள் அலுவலக ஜீப்பின் ஓட்டுநர். வாயாடி. இப்போதும் வாயாடிதான், வாய் மட்டும் தனியாக ஓடிக்கொண்டிருந்தது.

மாப்பிள்ளையின் இடத்துக்கு ஆள் போடவில்லை. "பரிசீலனையில் உள்ளது" என்றார்கள். ஓட்டம் இல்லாத நேரத்தில் தங்கையே அண்ணன் பின்னால் நடந்து ஆச்சு சொன்னாள்.

இனி வன அலுவலகத்து இயக்குநர். காட்டில் எல்லோரும் அவரை மைக் என்பார்கள், முதுகுக்குப் பின்னால். நான்கு பேர் நின்றால் அவருக்கு மைக் வேண்டும். வருடா வருடம் வெள்ளைச் சட்டையோடு வந்து நூறு கன்று நடுவார். அதாவது ஒரு கன்றின் மேல் கை வைப்பார், போட்டோ எடுப்பார்கள், மிச்சத்தை மற்றவர்கள் நடுவார்கள். சாயங்காலத்துக்குள் மான்கள் வந்து நூறையும் மேய்ந்துவிடும். மான்களுக்கு அந்தத் தேதி மனப்பாடம்.

உண்மையில் அந்தக் காட்டில் யாரும் எதையும் நட வேண்டியதில்லை. தாய்மரங்கள் கொட்டும் விதை போதும். பெரிய மரம் ஒன்றை எடுத்து வெளிச்சம் விட்டால், அடுத்த வருடமே கன்றுகள் ஆயிரக்கணக்கில் வந்துவிடும். வருவது பிரச்சினை இல்லை. நிற்பதுதான். மான் ஒரு கன்றையும் முழங்காலுக்கு மேல் விடவில்லை. சான்றிதழ் கொடுப்பவர்களின் விதியோ அந்த முழங்காலில்தான் இருந்தது. தானாக முளைத்த கன்று, முழங்கால் தாண்டி, கடிபடாமல், இரண்டு பகுதியிலாவது நிற்க வேண்டும். நின்றால் மரம் வெட்டலாம். இல்லாவிட்டால் பிரிவை மூட வேண்டும். பிரிவு மூடினால் வேலை போகும். வேலையோடு வீடும் போகும்.

ஒரு பகுதி இருந்தது. மேற்கே, மாப்பிள்ளை விழுந்த இடம்.

அங்கே கன்றுகள் இடுப்பளவு நின்றன. நெருக்கமாக, நேராக, ஒரு இலைகூடக் கடிபடாமல். சுற்றிலும் மொட்டைத் தரை. நடுவில் வட்டமாக அந்தப் பச்சை. மைக் அதற்கு "நமது அணுகுமுறை" என்று பெயர் வைத்தார். மூன்று மாநாட்டில் பேசினார். மற்ற முப்பது இடத்திலும் அதே அணுகுமுறையைத்தானே செய்தார்கள், அங்கெல்லாம் ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கவில்லை. கேட்பவர்களுக்கு மாநாட்டில் நாற்காலி போடுவதில்லை.

அண்ணன் அந்த இடத்துக்குப் போனால் ஓரத்தில் நின்றே உயரம் பார்த்து எண்ணிவிட்டு வந்துவிடுவார். ஒருநாள் அப்படி நின்றபோது மான் கூட்டம் ஒன்று நாய் துரத்தி வந்தது. தலைதெறிக்க ஓடி வந்தவை, வட்டத்தின் ஓரத்தில் நான்கு காலையும் ஊன்றி நின்றன. குட்டி ஒன்று சறுக்கி விழுந்து, எழுந்து, பின்வாங்கியது. நாய் பின்னால் குரைத்துக்கொண்டிருக்கிறது. மான்கள் நாயைப் பார்க்கவில்லை. வட்டத்துக்குள்ளே ஒரே இடத்தைப் பார்த்தன. காதுகள் முன்னால் குவிந்திருந்தன.

பிறகு நாயும் குரைப்பதை நிறுத்திவிட்டது.

பயப்பட வேண்டிய இடம் இது என்று அண்ணனுக்குத் தோன்றியது. காத்திருந்தார். பயம் வரவில்லை. ஜீப்புக்குத் திரும்பினார்.

"என்ன, என் வீட்டுக்காரர் நல்லா இருக்காரா?" என்றாள் தங்கை. அவள் அங்கே ஜீப்பைவிட்டு இறங்கியதே இல்லை.

"நல்லா வளர்ந்திருக்கு."

"உசுரோட இருந்தப்ப ஒரு தொட்டிச் செடிகூட வச்சதில்ல."

ஆய்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது மைக் அண்ணனைக் கூப்பிட்டார்.

"ரெண்டாவது இடம் எங்க?"

"இல்லங்க சார்."

"ஒண்ணு இருந்தா தற்செயல்னு சொல்லுவாங்க. ரெண்டு இருந்தாத்தான் அணுகுமுறை. முதல் இடத்துல என்ன செஞ்சீங்களோ, அதையே இன்னொரு இடத்துலயும் செய்யுங்க."

அண்ணன் அவரைப் பார்த்தார். மைக் எதுவும் நினைத்துச் சொல்லவில்லை. அவர் எப்போதும் எதுவும் நினைத்துச் சொல்வதில்லை.

"தேடுறேன் சார்."

தேடினார். வடக்கு, தெற்கு, ஓடைக்கரை, பாறைச் சரிவு. எல்லா இடத்திலும் கணுக்காலளவில் கடித்துக் குதறிய குச்சிகள். ஒரு வாரம் போனது. இரண்டு வாரம் போனது. ராத்திரி சாப்பிடும்போது தங்கை, "இந்த வீட்ட விட்டா எங்க போறது?" என்று ஒரே ஒரு முறை கேட்டாள். அவள் வீடு வீடாக மாறிக்கொண்டே இருக்க முடியாது. அவள் தாங்கமாட்டாள் என்பது மட்டும் அந்த மரத்துப்போன உடம்புக்குள்ளும் அவருக்குத் தெரிந்தது.

மூன்றாம் வாரம் திங்கட்கிழமை, பின்வாசல் குழாயடியிலிருந்து தங்கையின் குரல்.

"அண்ணா, நீ காடெல்லாம் தேடுறது இங்கதான் இருக்கு."

போய்ப் பார்த்தார். குழாயடியைத் தாண்டி, துணி காயும் கம்பியைத் தாண்டி, கருவாலிக் கன்றுகள். முழங்காலுக்கு மேல். நேராக. ஒரு கடி இல்லை. இரண்டு வருடமாக அவர் முன்வாசலில் இறங்கிக் காட்டுக்குப் போனார், முன்வாசலில் ஏறி வீட்டுக்கு வந்தார். காட்டு நிபுணர்.

"மான் வர்றதில்லயா?"

"முன்னாடி வரும்னு நீதானே சொல்வ, துணியெல்லாம் மெல்லும்னு. நான் வந்ததுலேருந்து ஒண்ணையும் பார்க்கல. என் மூஞ்சி அப்படி."

அண்ணன் மூச்சு விட்டார். வீடு தப்பித்தது.

அடுத்த நாள் பிற்பகல் எண்ண ஆரம்பித்தார். வானம் மூடியிருந்தது. மழை இல்லை, வெயிலும் இல்லை. தங்கை காலையில் நகரத்துக்கு உதிரிபாகம் வாங்கப் போயிருந்தாள். மூன்றரை மணி இருக்கும், பின்னால் கதவு கிறீச்சிட்டது. வந்துவிட்டாள் போல என்று நினைத்துக்கொண்டு அவர் எண்ண வேண்டிய இடத்துக்கு எல்லைக் கயிற்றைக் கட்டினார்.

"கருவாலி, முழங்கால், நல்லது."

"ஆச்சு."

"கருவாலி, தொடை, நல்லது."

"ஆச்சு."

வேலை ஓடியது. கன்றிலிருந்து கன்றுக்கு நகர்ந்தார். குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. டொக். டொக். டொக். பத்து கன்று, இருபது கன்று. நல்ல வேகம். தங்கை இன்று வாயாடவில்லை. களைப்பாக இருக்கும்.

"உதிரிபாகம் கிடைச்சுதா?"

"ஆச்சு."

சிரித்துக்கொண்டார். மாப்பிள்ளையும் இப்படித்தான். கேட்டதற்கெல்லாம் ஆச்சு சொல்லிக் கடுப்பேற்றுவார்.

"கருவாலி, முழங்கால், நல்லது."

"ஆச்சு."

அப்போதுதான் ஒன்று உறுத்தியது. கம்பியைத் தாண்டி வெகுதூரம் வந்துவிட்டார். குரல் மட்டும் அதே தூரத்தில் இருந்தது. பின்னால், இடது தோளுக்குச் சற்று மேலே. காலடிச் சத்தம் இல்லை. சருகுத் தரை. எலி ஓடினாலும் கேட்கும்.

குழாய் சொட்டுவது நின்றிருந்தது.

நிமிர்ந்தார். எதிரே, கன்றுகள் முடியும் இடத்தில், மான்கள்.

வரிசையாக. அசையாமல்.

அவை அவரைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால் பார்த்தன.

காதுகள் முன்னால் குவிந்திருந்தன...

"டீ... போட்டியா?"

"ஆச்சு."

தங்கையின் குரல்தான். சந்தேகமே இல்லை. அந்தக் கடைசி எழுத்தை லேசாக இழுப்பாள். அதே இழுப்பு.

"எப்ப வந்த?"

"ஆச்சு."

"எங்க நிக்கிற?"

"ஆச்சு... ஆச்சு..."

கழுத்துக்குப் பின்னால் குளிர்ந்தது. காற்று இல்லை.

அவர் திரும்பவில்லை.

தூரத்தில் ஜீப் சத்தம். வளைவில் கியர் மாற்றும் சத்தம். அந்த ஜீப்புக்கு மட்டும் உள்ள இருமல். வீட்டு முன்னால் நின்றது. கதவு படார் என்றது.

"அண்ணா? உதிரிபாகம் கிடைக்கல. நாலு கடை ஏறி இறங்கினேன்."

முன்வாசலிலிருந்து.

குழாய் மறுபடி சொட்டியது. டொக்.

மான்கள் போய்விட்டிருந்தன. அவர் திரும்பிப் பார்த்தபோது துணிக் கம்பியும் சுவரும்தான் இருந்தன. தங்கை பின்கதவைத் திறந்துகொண்டு வந்தாள். அவள் திறந்தபோது அது கிறீச்சிட்டது.

"யார்கிட்டப் பேசிட்டிருந்த?"

"கன்னுகிட்ட."

"பதில் சொல்லுதா?"

"சொல்லுது."

"பரவால்லயே. நம்ம ஆபீஸைவிட மேல்."

அவளிடம் எதையும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று நினைத்தார். நாக்கும் ஊசி போட்டது போலத்தான் இருந்தது. வீடு தப்பித்திருக்கிறது. அதை எதற்குக் கெடுப்பது.

ஆய்வாளர் வந்தார். ஒல்லியான பெண்மணி, முட்டியில் தோல் ஒட்டுப் போட்ட காற்சட்டை. மைக் அவரை நேராகப் பின்வாசலுக்கு அழைத்து வந்தார். குழாயடியில் ஒலிபெருக்கி வைத்திருந்தார்கள். கேட்க எட்டு பேர்.

"மனிதனும் வனமும் ஒரே கூரையின்கீழ்" என்றார் மைக். "இது எங்கள் அணுகுமுறையின் இரண்டாம் கட்டம். இந்தக் குடும்பம் இங்கேயே வாழ்வதுகூட அதன் ஒரு பகுதிதான்." தங்கையின் பாவாடை ஒன்று அவர் தலைக்கு மேல் காய்ந்துகொண்டிருந்தது. போட்டோக்காரர் அதை விலக்க முயன்று, கைவிட்டு, அதையும் சேர்த்தே எடுத்தார்.

ஆய்வாளர் பேச்சைக் கேட்கவில்லை. இரண்டு இடத்தையும் பார்த்து முடித்திருந்தார். முத்திரை போடுவதாகச் சொன்னார். பிறகு மேற்குப் பகுதியில் பறித்த ஒரு கன்றைப் பையிலிருந்து எடுத்து, பாதி மைக்கிடமும் பாதி அண்ணனிடமும் பேசினார்.

"ஒரு சந்தேகம். ஒவ்வொரு வருஷமும் நுனி மொட்டு விரிஞ்சு தண்டு நீளும்போது, பழைய மொட்டு இருந்த இடத்துல வளையமா ஒரு தழும்பு விழும். உங்களுக்குத் தெரியும்."

"தெரியும் மேடம்" என்றார் அண்ணன். தெரியும். அந்த ஒரு இடத்தில்தான் அவர் மண்டியிட்டுப் பார்த்ததே இல்லை.

"இதுல நாலு தழும்பு. மேற்குல நான் பார்த்த எல்லாத்துலயும் நாலு. முதல் வருஷத்துலேருந்து ஒரு கடிகூட இல்ல. ஆனா நீங்க அங்க வேலையைத் தொடங்கினதே ரெண்டு வருஷத்துக்கு முன்னாடிதான்னு சொல்றீங்க. அப்படின்னா அதுக்கும் ரெண்டு வருஷம் முன்னாடியே மான் அந்த இடத்தை விட்டுடுச்சு. இலை இல்லாத நேரம், வெறும் குச்சியா நின்னிருக்கும், நீங்க கவனிக்கல. மான் எதைப் பார்த்து விட்டுதுன்னுதான் புரியல."

"தொலைநோக்கு, மேடம்" என்றார் மைக். "முன்கூட்டியே திட்டமிட்டுவிட்டோம்."

எட்டு பேரும் கைதட்டினார்கள்.

அண்ணன் கைதட்டவில்லை. அவர் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். இத்தனை நாளும் மாப்பிள்ளை செத்ததால்தான் மான் வரவில்லை என்று நினைத்திருந்தார். இல்லை. மான் முதலில் விலகியிருக்கிறது. கன்றுகள் முதலில் வந்திருக்கின்றன. இரண்டு தழும்பு விழுந்து, மூன்றாவது மொட்டு விரியாமல் நின்ற நாளில்தான் கிளை இறங்கியது.

எல்லோரும் போன பிறகு குழாயடியைத் தாண்டிப் போய் மண்டியிட்டார். நீல நகத்தால் தண்டைத் தடவினார்.

இரண்டு.

அடுத்த கன்று. இரண்டு.

அதற்கடுத்தது. இரண்டு.

நுனியில் மொட்டு தடித்திருந்தது.

அன்றைக்கு அவர் உடம்பு திரும்பி வந்தது. உள்ளே ஓடி, "வீட்டைக் காலி பண்றோம்" என்றார்.

"இப்பத்தானே காப்பாத்தின?"

"கேள்வி கேக்காத. பெட்டியை எடு."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். இரண்டு வருடத்தில் முதல்முறையாக அதில் ஏதோ இருந்திருக்க வேண்டும். வாயாடாமல் பெட்டியை எடுத்தாள். மைக் கோபப்பட்டு, அவர்கள் அணுகுமுறையைக் கைவிட்டுப் போவதாகக் குற்றம் சாட்டிக் கடிதம் அனுப்பினார். அண்ணன் படிக்கவில்லை. நகரத்துக்குள், காட்டிலிருந்து ஜீப்பில் ஒரு மணி நேரத் தூரத்தில் ஒரு வாடகை வீடு. சுற்றிலும் சிமெண்டுத் தரை. மரம் இல்லை. மானைப் படத்தில்தான் பார்க்கலாம்.

காட்டில் மொட்டுகள் விரிந்தன. ஒரு வாரம், இரண்டு வாரம். தங்கைக்கு ஒன்றும் ஆகவில்லை. அவளுடைய வாயும் மனசும் மெல்ல ஒன்றுசேர ஆரம்பித்தன. அண்ணன் ராத்திரியில் தூங்கினார்.

ஐந்தாம் வாரம் ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் ஒரு சொம்புத் தண்ணீரோடு தன் அறை ஜன்னலுக்கு வெளியே குனிந்திருந்தாள்.

"இங்க பாரேன். சிமெண்டையே பிளந்துட்டு வந்திருக்கு. பாவம், காஞ்சு கிடந்துச்சு. நாலு நாளா நான்தான் ஊத்துறேன்."

சுவரோரம், அவளுடைய ஜன்னலுக்கு நேர் கீழே, விரிசலில் ஒரு கருவாலிக் கன்று. ஒன்றே ஒன்று.

அவர் உட்கார்ந்து நகத்தால் தடவிப் பார்த்தார்.

அவர்கள் அந்த வீட்டுக்கு வந்து ஐந்து வாரம்தான் ஆகியிருந்தது. கன்றில் இரண்டு தழும்பு இருந்தது. நுனி மொட்டு இன்னும் விரியவில்லை.